எட்டு வலது, எட்டு இடது: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கடந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், 83 வயதான எங்கள் அப்பாவை ஸ்காபரோவில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்று, மேளங்களும் பியூகிள் எனும் பித்தளைக் குழல்களும் மட்டுமே இசைக்கும் ட்ரம்-பியூகிள் அணி ஒன்றின் உள்ளரங்கக் கச்சேரியைக் கேட்கச் செய்து, அன்றிரவே சுகமாக வீடு கொண்டுவந்து சேர்த்தோம். இப்படி ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய காரியத்துக்கு எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்பதை நாங்கள் மட்டும் அறிந்திருந்தால் போதாது என்று எண்ணியே இம்மடலை எழுதுகிறேன். உதவியவர்களிற் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நானே நேரில் வாசித்துப் பொருள் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதல் நன்றி, எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டில் வசிக்கும் பெரியவருக்கு உரியது. சென்ற கார்த்திகையில் ஒருநாள் லிஃப்ற்றுக்காகக் காத்து நின்றபோது, அப்பா தன் நடைவண்டியின் பிடியில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய வழக்கம். வீட்டில் நாங்கள் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டோம். அந்தப் பெரியவர் மட்டும் சிறிது நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "நீங்கள் முறையாக ட்ரம் பழகியவரா?" என்று வினவினார். அப்பா 1950களின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் கடேற் (மாணவர் படை) வாத்தியக் குழுவில் சைட் ட்ரம் எனும் சிறு மேளம் வாசித்தவர். இலங்கை மலைநாட்டின் தியத்தலாவைப் பயிற்சி முகாமில் விடியற்காலைப் பனியில் பியூகிள் ஊதி எழுப்பியதையும், ஈரத்தில் தளர்ந்துபோன தோலை வெயிலில் காயவைத்து இறுக்கியதையும், அது ஊரிலே பறையை நெருப்பில் காய்ச்சுவது போலவே இருந்ததையும் எங்களுக்குச் சிறு வயதில் சொல்லியிருக்கிறார். நாங்களோ அதைக் கதையாகக் கேட்டோமே தவிர, அந்தக் கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்ததில்லை. அதைக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுக்காரர்தான்.

அவர் சிறுவனாக இருந்தபோது தேவாலயப் பங்கு ஒன்று நடத்திய ட்ரம் கோர் எனப்படும் இத்தகைய அணியில் சேர்ந்து, நடுத்தரச் சுருதியுள்ள பரிற்றோன் பியூகிள் ஊதியவர்; இப்போது பழைய உறுப்பினர்கள் ஒன்றுகூடி நடத்தும் அணியில் அதே வாத்தியத்தை ஊதுகிறார். கிளாரினெற், சக்சபோன், புல்லாங்குழல் எதுவுமின்றிப் பித்தளை ஊதுகருவிகளையும் மேளங்களையும் மட்டுமே கொண்ட இந்த அணிகள், இராணுவச் சமிக்ஞை ஒலியிலிருந்து பிறந்து, போர்களுக்குப் பின் படைவீரர் சங்கங்களாலும் தேவாலயங்களாலும் சாரணர் குழுக்களாலும் வளர்க்கப்பட்டவை. ஒன்ராறியோவிலும் அவை செழித்திருந்தன. பிறெஸ்ரன் நகரத்தின் ஸ்கௌட் ஹவுஸ் அணி 1938இல் தோன்றியது. ரொறன்ரோவில் ஒப்டிமிஸ்ற்ஸ், டி லா சால் என்ற அணிகளின் பெயர்களைக் கேட்டால் அவருடைய வயதுக்காரர்களின் முகம் இன்றைக்கும் மலர்கிறது. பனிக்காலம் முழுவதும் புதன்கிழமை மாலைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்தபடி, பழைய ஒலிப்பதிவுகளை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினார். ஆதிப் பியூகிளில் சுரம் மாற்றும் விசையான வால்வே கிடையாது என்பதால் உதட்டின் இறுக்கத்தால் எழும் ஐந்தாறு சுரங்களே அதற்குச் சொந்தம் என்பதையும், பின்னர் ஒரு வால்வு, அதன்பின் இரண்டு, 1990இல் மூன்று என்று வளர்ந்து, 2000ஆம் ஆண்டில், கருவிகள் எல்லாம் ஜி சுருதியிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே நீங்கியதையும் அவர் சொல்லச் சொல்ல, அப்பா ஒரு மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். 1981இலும் 1982இலும் இந்த அணிகளின் உலக சாம்பியன் இறுதிப் போட்டி மொன்றியல் ஒலிம்பிக் அரங்கில் நடந்தது என்பதும், முதலாம் ஆண்டு சாந்தா கிளாரா வான்கார்டும் அடுத்த ஆண்டு புளூ டெவில்சும் வென்றன என்பதும் இப்போது அப்பாவுக்கு மனப்பாடம்.

கோடையில் நடக்கும் அணிவகுப்புக் காட்சிகளுக்கு அப்பாவைக் கூட்டிப் போக முடியாது. அவை அமெரிக்க உதைபந்தாட்ட மைதானங்களில், வெயிலில், படிவரிசைகளின் உயரத்திலிருந்து பார்க்கப்படுபவை. 2009 முதல் இறுதிப் போட்டி நடக்கும் இந்தியானாபொலிஸ் அரங்கத்துக்குக் கூரை உண்டு என்றாலும், அவ்வளவு நெடும்பயணம் அவருடைய உடம்புக்கு ஒத்துவராது. ஆகவேதான் மாசியில் தங்கள் அணி ஓர் அரங்கத்துக்குள் நின்றபடியே வாசிக்கப்போகிறது என்றும், இரண்டு நுழைவுச்சீட்டுகளை எங்களுக்கென எடுத்து வைத்துவிட்டதாகவும் அந்தப் பெரியவர் வந்து சொன்னபோது, நான் உண்மையிலேயே பேச்சற்றுப் போனேன். அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

எனக்கு ஒரே அச்சம் அப்பாவின் காதைப் பற்றியதாக இருந்தது. மைதானத்தில் காற்றோடு கலைந்துபோகும் ஒலி, நான்கு சுவர்களுக்குள் திரும்பத் திரும்ப மோதி வரும். அப்பாவோ இரு காதிலும் கேட்கும் கருவி அணிபவர். எங்கள் செவித்திறன் நிபுணர், தமிழ்ப் பெண், சந்திப்பு நேரம் முடிந்த பின்னரும் அரைமணி நேரம் எங்களோடு இருந்து, கருவியில் இசைக்கென்று தனி நிரலொன்றை அமைத்து, அதன் உச்ச ஒலிக்கு ஓர் எல்லையும் வைத்துத் தந்தார். 100 டெசிபெல் அளவான ஒலியைக் கால் மணி நேரத்துக்கு மேல் காப்பில்லாமல் கேட்பது நல்லதல்ல என்று கூறி, தன்னிடமிருந்த காதுறைகளை இரவல் தந்ததோடு, பித்தளைக் கருவிகளின் வாய் எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசையில் அமர வேண்டாம், பக்கவாட்டில் சற்றுப் பின்னே இருங்கள் என்றும் எச்சரித்தார். அந்த ஒரு சொல்லால்தான் அப்பா கச்சேரியை முடிவுவரை கேட்டார்.

அன்று காலையில் பெய்த பனியில் தெருக்கள் வெளுத்துக் கிடந்தன. நடமாட இயலாதோருக்கான வீல்-ட்ரான்ஸ் வண்டிச் சேவையின் சாரதி குறித்த நேரத்துக்கு வந்ததுமன்றி, எங்கள் கட்டட வாசலில் உறைந்திருந்த சரிவின் மீது தன் வண்டியிலிருந்த உப்பைத் தானே தூவி, அதன் பிறகே நாற்காலியை ஏற்றினார். அவருடைய முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. இதை அவர் எங்கிருந்தாவது அறிந்துகொள்வாராக.

அரங்கத்தை அடைந்தபோதுதான் சோதனை வந்தது. லிஃப்ற் இயங்குகிறது என்று இரு நாட்களுக்கு முன் தொலைபேசியில் உறுதிசொல்லப்பட்டிருந்தும், அதன் கதவில் பழுது என்ற அறிவித்தல் தொங்கியது. மண்டபமோ மேல் தளத்தில். திரும்பிப் போய்விடலாம் என்று அப்பாவே சொன்னார். அவர் அப்படிச் சொன்ன விதத்தில் ஏமாற்றத்தை மறைக்கும் முயற்சி தெரிந்தது. அப்போது அங்கே தொண்டராக நின்ற பதினாறு வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்தாள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் பட்டம் பெறுவதற்கு 40 மணி நேரச் சமூகத் தொண்டு செய்ய வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. அந்த மணிக்கணக்கை நிரப்ப வந்த பிள்ளைதான் அவளும். ஆனால் அவள் எங்களுக்காகச் செய்தது எந்தப் படிவத்திலும் ஏறாது. "தாத்தா, ஒரு நிமிடம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்து, வாத்தியங்களை ஏற்றியிறக்கும் பின்வாசலில் சரிவுப்பாதையும் பார உயர்த்தியும் இருப்பதை அறிந்து வந்து, குளிரில் அங்கி கூட அணியாமல் கட்டடத்தைச் சுற்றி எங்களை வழிநடத்தினாள். அம்மா பிள்ளை, உன் பெயரை இங்கே எழுதக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. உன்னைப் பெற்றவர்களுக்கு எங்கள் வணக்கம்.

பின்வாசல் வழியாகப் போனதால்தான், பார்வையாளர் எவருக்கும் கிடைக்காத ஒன்று அப்பாவுக்குக் கிடைத்தது. மேடைக்குப் பின்னாலிருந்த அகன்ற கூடத்தில் அணியினர் வட்டமாக நின்று, ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து, மூச்சு முடியும் இடம் ஒருவருக்கும் தெரியாதபடி ஒருவரோடொருவர் இழைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். தோளில் மிகப் பெரிய கொன்ராபாஸ் பியூகிளைத் தாங்கியிருந்த அம்மையாரின் தலை முழுக்க நரை. கூடத்தின் மறுமூலையில் மேளக்காரர் பயிற்சிப் பலகைகளின் மீது கை பதப்படுத்திக்கொண்டிருந்தனர்: வலக்கையால் எட்டு அடி, இடக்கையால் எட்டு அடி, மறுபடி வலக்கை, மறுபடி இடக்கை. உலகத்தில் எங்கே ட்ரம் பழகினாலும் முதலில் பழகுவது இதுதான் போலும். அப்பாவின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் அதனோடு இணைந்துகொண்டன. ஸ்நேர் எனப்படும் சைட் ட்ரம் வரிசையின் தலைவர் அதைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை, தன் பலகையை அப்பாவின் மடியில் வைத்து, ஒரு சோடிக் குச்சிகளை நீட்டினார்.

அப்பா குச்சிகளை வாங்கிய விதத்தை நான் சொல்லியாக வேண்டும். இடது உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, பெருவிரலின் மடிப்பில் குச்சியைச் செருகி, மோதிரவிரலின் மேல் அதைத் தாங்குவது பழைய பிடி. மேளத்தைத் தோற்பட்டியில் இடுப்போரமாகச் சாய்த்து மாட்டிய காலத்தில் தோன்றியது. பக்கவாதத்துக்குப் பின் அப்பாவின் இடக்கையால் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் பூட்ட முடிவதில்லை. அந்தக் கை குச்சியைத் தானாகவே அப்படிப் பிடித்தது. எட்டு வலது சரியாக விழுந்தது. எட்டு இடதில் ஐந்தாவதும் ஏழாவதும் தளர்ந்தன. தலைவர் வேகத்தைக் குறைத்தார். அவரோடு வரிசை முழுவதும் குறைத்தது. அடுத்த சுற்றில் எட்டும் விழுந்தன. அதன்பின் அப்பா, தன் பழைய ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி "டடி-மம்மி, டடி-மம்மி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, கைக்கு இரண்டடியாக உருட்டத் தொடங்கினார். அதே சொல்லைத் தாங்களும் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் அங்கிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம்கூட இல்லாத வேளையில், முன்பின் அறியாத ஒரு முதியவருக்காகத் தங்கள் வேகத்தைத் தாழ்த்திய அந்த மேள வரிசையினருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மண்டபத்துக்குள் எங்களுடைய இடம் முன்வரிசையின் நடுவே, பித்தளைக் கருவிகளுக்கு நேர் எதிரே அமைந்திருந்தது. நிலைமையை விளக்கியவுடன், பக்கவாட்டில் இடைவழியோரம் இருந்த தம்பதியினர் மறுபேச்சின்றி எழுந்து தங்கள் இருக்கைகளை எங்களுக்குத் தந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

கச்சேரியைப் பற்றி நீட்டி எழுத இது இடமல்ல என்றாலும், ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வெவ்வேறு பருமனான ஐந்து பாஸ் ட்ரம்களை ஐந்து பேர் சுமந்து நின்றார்கள். ஓடிவரும் ஒரு சொற்கட்டை அவர்கள் ஒருவர் முழுவதுமாக வாசிப்பதில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய ஓரடியை மட்டும் தமக்குரிய கணத்தில் போட, அந்த அடிகள் கோர்வையாகிச் சிறிய மேளத்திலிருந்து பெரிய மேளத்துக்கு உருண்டு இறங்கின. ஒருவர் இமைப்பொழுது தாமதித்தாலும் அங்கே ஓட்டை விழும். பின்னர் ஊதுவோர் அனைவரும் கருவிகளைத் தாழ்த்தி நிற்க, மேளங்கள் மட்டும் தனித்து வாசித்தன. அப்பா காதுறையை ஒரு பக்கம் சற்று விலக்கி, என் பக்கம் சரிந்து, "பிள்ளை, இது எங்கடை கோயில் திருவிழாத் தவிற்சமா" என்றார். தவிற்காரர் பலர் கூடி வாசிப்பதைத்தான் ஊரில் சமா என்போம். சிறுவயதில் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்பதற்காக அளவெட்டி வரை சைக்கிளில் போய், விடியும்வரை வீதியில் நின்றவர் அவர். அந்த ஒப்பீட்டை அவர் எளிதில் எவருக்கும் வழங்க மாட்டார் என்பதை மேள வரிசையினருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

முடிவில் எதிர்வீட்டுப் பெரியவர், ஊதி ஊதிச் சிவந்த உதடுகளோடும் வியர்வையில் நனைந்த சட்டையோடும் நேரே எங்களிடம் வந்து, தன் பரிற்றோனை அப்பாவின் கையில் கொடுத்தார். பித்தளை இன்னும் சூடாக இருந்தது. இருவரும் அதிகம் பேசவில்லை. அன்று அவரும் அவருடைய மனைவியும் எங்களோடு பின்வாசலில் வண்டி வரும்வரை குளிரில் காத்து நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கால்களைப் போர்த்தியிருந்த கம்பளியை உதறியபோது, அந்தச் சோடிக் குச்சிகள் கீழே விழுந்தன. அவசரத்தில் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறோம். மேள வரிசைத் தலைவர் இதை எங்கள் பிழையாகக் கருத மாட்டார் என்று நம்புகிறேன். அணியின் அடுத்த பயிற்சி வியாழக்கிழமை மாலை என்று அறிந்துகொண்டோம்; வண்டிக்கும் பதிந்துவிட்டோம். குச்சிகளை அப்பா தானே கொண்டுவந்து தருவார். அதுவரை அவற்றைச் சாப்பாட்டு மேசையில் தன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார். இடக்கையின் ஏழாவது அடி இன்னும் சற்றுத் தளர்வாக விழுகிறது என்று சொல்கிறார்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில் மகள்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ