மலிவான நம்பர்களால் கறித்தூள் விற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் இப்போது சுயதொழில் பயிற்சி என்றால் பேஸ்புக் விளம்பரம் இல்லாமல் முடிவதில்லை. கறித்தூள், ஒடியல்மா, கருவாடு, தையல் என்று எதைச் செய்கிறவருக்கும் ஒரே பாடம்தான்: பேஜ் திறவுங்கள், பேஸ்புக்குக்குக் காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டுகிற பூஸ்ட் பண்ணுங்கள், விசாரிக்கிற ஆட்களின் போன் நம்பரை வாங்கிச் சேர்த்து வையுங்கள். நம்பர் சேர்ப்பது நல்லதுதான், விசுவமடுவில் நாங்கள் கறித்தூள் அரைத்து விற்பதே அப்படிச் சேர்த்த நம்பர்களை வைத்துத்தான். ஆனால் ஒரு நம்பருக்கு எத்தனை ரூபா போனது என்பதோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள். அந்த நம்பர்காரர் கடைசியில் ஒரு கிலோவாவது வாங்கினாரா என்று கேட்பாரில்லை.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். செத்தல் மிளகாய், மல்லி, அரைகூலி, பை எல்லாம் போக ஒரு கிலோ கறித்தூளில் 300 ரூபா மிஞ்சுகிறது என்று வையுங்கள். 6,000 ரூபாவுக்கு விளம்பரம் போட்டு 120 நம்பர் வந்தால் ஒரு நம்பர் 50 ரூபா, பயிற்சியில் கைதட்டுவார்கள். அந்த 120 பேரில் ஆறு பேர்தான் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினார்கள் என்றால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 1,000 ரூபா போயிருக்கிறது, கைக்கு வந்தது 300. அந்த ஆறு பேரில் மூன்று பேர் திரும்பி வராவிட்டால், மிச்ச மூவரும் ஆளுக்கு இன்னும் ஐந்து கிலோ வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். இப்போது அதே 6,000 ரூபாவுக்கு விலையையும் கூரியர் செலவையும் படத்திலேயே போட்டு, எந்தெந்த ஊருக்கு அனுப்புவோம் என்றும் எழுதிவிட்டால் விலை விசாரிக்க மட்டும் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள், 30 நம்பர்தான் வரும், ஒன்று 200 ரூபா. ஆனால் அதில் பத்துப் பேர் வாங்கினால் ஒரு வாடிக்கையாளருக்கு 600 ரூபாதான். நம்பரின் விலையை மட்டும் பார்க்கிறவர் இந்த இரண்டாவது விளம்பரத்தைத்தான் முதலில் நிறுத்துவார்!

பேஸ்புக் நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் தேடித் தரும். லைக்கும் கமென்டும் வேண்டும் என்று தெரிவுசெய்தால், எதைக் கண்டாலும் லைக் போடுகிற பழக்கமுள்ள ஆட்களுக்கு விளம்பரத்தைக் காட்டும், சாமான் வாங்குகிற ஆட்களை அது ஏன் தேடப்போகிறது? 'மூன்று பேரை டேக் பண்ணுங்கள், பரிசு வெல்லுங்கள்' என்ற விளையாட்டும் அப்படித்தான், பரிசுக்கு வந்தவர் பரிசோடு போய்விடுவார். விளம்பரம் காட்டும் இடங்களில் வெளிநாடுகளையும் சேர்த்துவிட்டால் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிற எங்கள் சனம் ஊர்ப் பாசத்தில் இதயம் போட்டுவிட்டுப் போகும். ஆனால் அங்கிருந்து காசு கட்டி மாங்குளத்தில் இருக்கிற அம்மாவுக்குச் சாமான் அனுப்பச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் போல நல்ல வாடிக்கையாளர் கிடைக்காது, அவர்களுக்கு விளம்பரத்தைத் தனியாகப் போட வேண்டும்.

இன்னொன்றையும் பயிற்சியில் சொல்வதாகத் தெரியவில்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் எங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். காசு கொடுத்துச் சேர்த்த நம்பர்களில் எத்தனை பேர் எங்களைச் சேமித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அதனால்தான் சிலர் கேட்காமலே எல்லோரையும் ஒரு குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு பெண்ணின் நம்பர் முன்பின் தெரியாத எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, பிறகு இரவில் வருகிற அழைப்புகளுக்கு யார் பதில் சொல்வது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விளம்பரச் செய்தி அனுப்ப அவரவர் சம்மதம் வேண்டும் என்றுதான் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், கேட்காமல் சேர்த்த ஆள் வாங்கவும் மாட்டார்.

சரி, விளம்பரமே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும், ஆனால் இரண்டாவதாக. முதலில் சந்தையிலும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலும் கையில் காசு கொடுத்து வாங்கினவர்களிடம் கேட்டு நம்பரை ஒரு கொப்பியில் எழுதுங்கள், பக்கத்தில் என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்றும். பையில் எங்கள் நம்பரை ஒட்டி, சேமித்து வையுங்கள் என்று வாயாலும் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒட்டுத்தாள் செலவு மட்டும்தான். அந்தக் கொப்பியைச் சில மாதம் பார்த்தால் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை தரம் வாங்குகிறார் என்று தெரியும், அவரால் மிஞ்சுகிற காசும் தெரியும், விளம்பரத்துக்கு ஒரு ஆளுக்கு அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு. வீட்டுக்கு வந்த பிறகு காசு வாங்கும் பொதிகள் திரும்பி வந்தால் போன கூரியர் காசையும் அதில் கழித்துத்தான் பார்க்க வேண்டும், அதை ஒருவரும் எழுதுவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 350ஐத் தாண்டிப் போனபோது, டொலரில் விளம்பரம் போட்டவர்களுக்கு அதே விளம்பரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையானது. செலவுக்கு எல்லை வைக்காதவர்களுக்கு அது கார்ட் பில் வந்த பிறகுதான் விளங்கியிருக்கும்.

பயிற்சி நடத்துகிற பிரதேச செயலகங்களும் நிறுவனங்களும் பூஸ்ட் பண்ணக் காட்டிக்கொடுப்பதோடு, பங்குபற்றுகிறவர்களைத் தங்கள் விற்பனைக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லி, இலாபம், திரும்பி வரும் வாடிக்கை, திரும்பி வரும் பொதி மூன்றையும் அவர்கள் கையாலேயே கணக்குப் பார்க்க வைக்க வேண்டும். உங்களிடமும் ஒரு கேள்வி, சிறு உற்பத்தியாளர் மூன்று வரி விளம்பரம் போட உங்கள் பத்திரிகையில் எவ்வளவு? அந்த விலையைப் பத்திரிகையிலேயே அச்சிட்டால், பத்திரிகைக்கென்று தனியாக ஒரு சிம் நம்பரைக் கொடுத்துப் பார்த்து, அதில் வருகிற விற்பனையையும் பேஸ்புக்கில் வருகிறதையும் நாங்களே ஒப்பிட்டுக்கொள்வோம்.

கறித்தூள் வியாபாரி,
விசுவமடு