செவலைக்கு ஏற்றும் தண்ணீர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "அப்பாவோட பட்ட பாடு போதாதாம்மா? போயும் போயும் கிட்னி கெட்ட நாயையா கூட்டிட்டு வருவீங்க?" என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலெல்லாம் இல்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

அப்பாவின் திதிக்கு முதல் நாள், நாய்க் காப்பகத்துக்கு இரண்டு சிப்பம் அரிசி கொடுக்கப் போயிருந்தேன். நாய் எடுக்கும் எண்ணம் சத்தியமாக இல்லை. ஒரு மூலையில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் சுருண்டு கிடந்தது. காது நுனியில் கருத்தடை செய்த வெட்டு, முதுகெல்லாம் முடி கொட்டி இருந்தது. குனிந்து பார்த்தேன், அதன் மூச்சில் அந்த வாடை வந்தது. டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முந்தைய மாதம் அப்பாவிடம் வந்ததே, மூத்திரமும் துருவும் கலந்த மாதிரி, அதே வாடை. "தம்பி, இதுக்குக் கிரியாட்டினின் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவுதானே அது. அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தோல் வியாதி என்று நினைத்து மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை நாய்களுக்கு நடுவில் யார் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பது?

மறுவாரம் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் ஆம்னியில் அதை ஏற்றிக்கொண்டு, பள்ளிபாளையம் பாலம் தாண்டி, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிரியாட்டினின் 3.4. நாய்க்கு 1.4-க்குள் இருக்க வேண்டுமாம். ரத்தம் உறைய உதவுகிற தட்டணு 42,000. குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மூலம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ரத்தத்துக்குள் போகும் கிருமி, கவனிக்காமல் விட்டால் நாள்பட நாள்பட சிறுநீரகத்தின் சல்லடையை அரித்துவிடுமாம். அந்தக் கிருமியைக் கொல்ல 28 நாள் டாக்ஸிசைக்ளின் மருந்து கொடுத்தோம். தட்டணு ஏறிவிட்டது, முடியும் முளைத்துவிட்டது. ஆனால் அரித்துப் போன சல்லடை திரும்ப வராது. காலத்தைத் தள்ளலாம், குணமாக்க முடியாது என்றார் டாக்டர். இந்த வாக்கியத்தை நான் வேறொரு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

உண்ணியைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். அது முட்டையிடுவது நாயின் மேல் இல்லை, சுவர் விரிசலில். ஒரே உண்ணி சில ஆயிரம் முட்டை இடுமாம். நாயைக் குளிப்பாட்டிவிட்டுச் சும்மா இருந்தால் பிரயோசனம் இல்லை என்று, ஆள் வைத்துச் சாளையின் விரிசலெல்லாம் அடைத்துச் சுண்ணாம்பு பூசிவிட்டேன். நீ பத்து வருசமாகச் சொல்லியும் பூசாத சுவர்.

உன் வெள்ளகோயில் மாமனுக்குத்தான் கோபம். போன வருசம் ஒரே ராத்திரியில் அவன் பட்டியில் நாய்கள் புகுந்து ஏழு ஆட்டைக் குதறிப் போட்டன. காங்கயம் பக்கமெல்லாம் இழப்பீடு கேட்டு மறியலே செய்தார்கள். "ஊரே நாயால அழுவுது, நீ காசு குடுத்து ஊசி போடறயா அக்கா?" என்றான். அவன் பேசியதில் தப்பில்லை. அவன் வருகிற அன்றைக்குச் செவலையைப் பின்கட்டில் கட்டிவிடுகிறேன், அவ்வளவுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம், ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புநீர் பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்கி, அப்பா சட்டை மாட்டும் ஆணியில் தொங்கவிடுவேன். செவலையின் கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசியைக் குத்தி, 150 மில்லி இறக்க வேண்டும். முதல் நாள் கை நடுங்கி, ஊசி மறுபக்கமாக வெளியே வந்து, தண்ணீரெல்லாம் என் சேலையில். இப்போது பழகிவிட்டது. ஏறி முடிந்ததும் காங்கயம் காளைத் திமில் மாதிரி முதுகில் ஒரு மேடு நிற்கும், விடிவதற்குள் வற்றிவிடும். அப்புறம் நாள் முழுக்க எவ்வளவு குடித்தாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் நாலு இடத்தில் சட்டி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு நாளைக்கு ஒரு லிட்டர்தான். அதற்குள் காப்பி, ரசம், மோர் எல்லாம் அடக்கம். நான்தானே அளந்து ஊற்றினேன். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை கூடிவிட்டால் நர்ஸ் என்னைத்தான் முறைப்பார். கடைசிச் சித்திரையில், சொம்பைக் கழுவுகிறேன் என்று சொல்லித் தொட்டிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். உனக்கு இதை இதுவரை சொன்னதில்லை.

அதே வியாதிதான், ஆனால் இவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள் அம்மிணி. அதுதான் காரணம். இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

சாப்பாட்டில் மட்டும் அப்பாவைவிடச் சாது. குழைந்த சோறு, முட்டை வெள்ளைக்கரு, சுரைக்காய், அதோடு பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு போகிற ஒரு பொடி. ஊறுகாய் கேட்டு யாரும் சண்டை போடுவதில்லை. எலும்பு கூடவே கூடாது. மாரியம்மன் நோம்பிக்கு மனசு கேட்காமல் நானே ஒரு கறித்துண்டு எலும்போடு போட்டுவிட்டு, இரண்டு நாள் வாந்தியைத் துடைத்தேன். திராட்சையும் ஆகாதாம், நாயின் சிறுநீரகத்துக்கு அது விஷம். மாதம் 3,000 ரூபாய் ஆகிறது, தேங்காய்க் காசு போதும், நீ அனுப்ப வேண்டாம்.

நன்றாக இருந்தால் ஒரு வருசம், அதற்கு மேலும் இருக்கலாம். ரொம்பக் கஷ்டப்பட்டால் ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம் என்றார் டாக்டர். கேட்டதும் அவர்மேல் கோபம் வந்தது. வண்டியில் திரும்பி வரும்போது, அப்படி ஒரு வழி இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

ஆகவே இந்தக் கோடைக்கு டொரண்டோ வர முடியாது. பக்கத்துத் தோட்டத்து மாமா ஊசி போடக் கற்றுக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். நீ மார்கழியில் வருகிறாய் அல்லவா, அப்போது வேண்டுமானால் உனக்குச் சொல்லித் தருகிறேன்.

இன்னொன்று. உன் அலமாரியிலிருந்து நீலப் பூப் போட்ட துப்பட்டாவை எடுத்து அவளுக்கு விரித்துவிட்டேன். பழசு என்று நினைத்தேன். காலேஜ் ஞாபகம் அது இது என்றால் உடனே சொல், துவைத்து வைக்கிறேன்.

அம்மா