மதுரைக்கும் மாலிக்கும் ஒரே தாளில் இடம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரிகளில் வரலாறு படிக்க ஆள் குறைந்துகொண்டே போகிறது, அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் செல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 47. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து இப்போது கடைசி வருடம் படிக்கிறேன். வேலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, நான் அதற்காகச் சேரவில்லை. ஆனால் ஆசையோடு வருகிறவர்களுக்கும் ஏன் சலித்துப் போகிறது என்பது தெரியும்.

உலக வரலாறு தாளில் எகிப்து பத்துப் பக்கம், மெசபடோமியா பத்துப் பக்கம், அப்புறம் கிரேக்கம், ரோம், சீனா. ரோம் விழுந்ததும் ஐரோப்பாவுக்குள் நுழைந்தால் 1789 பிரெஞ்சுப் புரட்சி, 1914 முதல் உலகப் போர் என்று கடைசிவரை அங்கேயேதான். ஆப்பிரிக்கா எகிப்தோடு சரி. தமிழக வரலாறு தனித் தாள், இந்திய வரலாறு தனித் தாள். ஒரு தாளில் வரும் வருடத்தை இன்னொரு தாளோடு வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு கேள்வி வந்ததில்லை. ‘ஹம்முராபியின் சட்டத் தொகுப்பு – குறிப்பு வரைக’ என்று வரும், கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதினால் ஐந்து மார்க்.

தமிழக வரலாற்றில் மதுரை சுல்தான்களைப் பற்றி இரண்டு பக்கம் உண்டு. அதில் ஒரே ஒரு வரியில் இபின் பதூதா என்ற ஊர் சுற்றிய பயணி வந்துபோனார். மொராக்கோவில் தாஞ்சியரில் 1304இல் பிறந்தவர் இங்கே எதற்கு வந்தார் என்று தேடிப் படித்தேன், இரண்டு நாள் கடையில் ஊசி நகரவில்லை. 1340களில் மதுரையை ஆண்ட கியாசுதீன் அவருக்குச் சகலை, இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பிடிபட்டவர்களைக் குடும்பத்தோடு, பெண்கள் குழந்தைகள் என்றுகூடப் பார்க்காமல் சுல்தான் கொன்றதை நேரில் பார்த்து, வேறெந்த அரசனும் செய்யாத கொடுமை, அதனால்தான் கடவுள் இவருக்குச் சீக்கிரமே சாவைக் கொடுத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். சொந்தக்காரர் என்று மறைக்கவில்லை. மதுரையில் அப்போது ஒரு கொள்ளைநோய், நோய் கண்டவர்கள் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ செத்திருக்கிறார்கள். இவருக்கும் காய்ச்சல் வந்து, நம்ம ஊர்ப் புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்திருக்கிறார்!

அதே மனிதர் 1348இல் டமாஸ்கஸில் நிற்கிறார், அங்கே பிளேக். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் நோன்பிருந்து ஒன்றாகத் தெருவில் இறங்கி வேண்டிக்கொண்டதைப் பார்க்கிறார். அதற்குப் பிறகு 1352இல் சஹாராவைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மாலிக்குப் போகிறார். 1324இல் அந்த நாட்டு அரசர் மன்சா மூசா மெக்கா போகிற வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலையே இறங்கியது என்கிறார்கள். எங்கள் பாடத்தில் மாலி கிடையாது. பிளேக் உண்டு, ஆனால் ஐரோப்பாவில் மட்டும். மதுரை இன்னொரு தாளில். ஒரே ஆள் தன் இரண்டு கண்ணால் பார்த்ததை மூன்று துண்டாக வெட்டி, அதில் ஒன்றைத் தூரவும் போட்டுவிட்டோம்.

இதை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டேன். சிலபஸில் இல்லை என்றார் ஆசிரியர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நான்கைந்து நாளில் மொத்தப் பாடத்தையும் முடிக்க வேண்டியவர் வேறென்ன சொல்வார்?

பாடத்திட்டம் போடுகிறவர்களிடம்தான் கேட்கிறேன். ஒரே ஒரு தாளை மாற்றுங்கள். ஒரு நூற்றாண்டை எடுத்து, அந்த நூறு வருடத்தில் மதுரையில் என்ன, கெய்ரோவில் என்ன, சீனாவில் என்ன, மாலியில் என்ன என்று குறுக்காகப் படிக்க வையுங்கள். பதினான்காம் நூற்றாண்டு என்றால் இபின் பதூதாவுக்குப் பக்கத்திலேயே கங்காதேவியை வைக்கலாம். மதுரை சுல்தானைத் தன் கணவர், விஜயநகர இளவரசர் குமார கம்பணர் வென்றதைப் பற்றி சமஸ்கிருதத்தில் ‘மதுரா விஜயம்’ பாடியவர் அவர். விருந்தாளியாக வந்தவர் சொன்னது ஒன்று, ஜெயித்தவரின் மனைவி சொன்னது ஒன்று, எதை எவ்வளவு நம்புவது என்று மாணவர்கள் சண்டை போடட்டும். ரோமானியர் காலத்தை எடுத்தாலும் சரி. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் ஒரு இந்தியச் சாடி நிறைய, ஏழு கிலோவுக்கும் மேல் மிளகு கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கம் ராமநாதபுரம் கடற்கரையில் அழகன்குளத்தில் ரோமக் காசு கிடைத்திருக்கிறது. கீழடிக்கு டூர் போகிற பிள்ளைகள் பானையைப் பார்த்துவிட்டுச் செல்ஃபியோடு திரும்பாமல், அங்கிருந்து எகிப்து வரை வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பார்க்கட்டும்.

இந்த மூல நூல்களில் நாலு பக்கமாவது தமிழில் பாடத்தோடு சேர்த்துத் தர வேண்டும். ஆங்கிலத்தில் படிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சிலபஸ் மாற வருடக்கணக்காகும். அதுவரை உங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு நூற்றாண்டு என்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள் ஐயா. வெட்டி எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோக எங்கள் பேட்ச்சில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
செல்லூர் வாசகி,
மதுரை