செம்மண் சாலையும் கோலின் மெக்ரேயும்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் மாமியும் நலம்தானே? முழங்காலுக்குக் கொடுத்த எண்ணெயைத் தடவுகிறீர்களா, இல்லை வழக்கம்போலப் போத்தலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

தீபாவளிக்கு நான் பகாவ் வந்திருந்தபோது, டிவியில் கார்ப் பந்தய வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த பேரனைப் போட்டுத் திட்டினீர்கள். "பொத்தானை அழுத்துகிறவனெல்லாம் கார் ஓட்டுகிறவனா?" என்று கேட்டீர்கள். வீடு நிறைய விருந்தாளிகள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்காக வக்காலத்து வாங்க இப்போதும் நான் வரவில்லை. எல்லாக் காரும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஆட்டம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் 1998-ல் வந்த ஓர் ஆட்டம் இருக்கிறது. அதை உங்கள் முன்னால் வைத்துத் தீர்ப்புக் கேட்கவேண்டும். நம் மலேசியத் தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைக் குலை லோரி ஓட்டியே ஓய்வு பெற்றவர் நீங்கள். இந்த வழக்குக்கு வேறு நீதிபதி கிடையாது.

ஆட்டத்தின் பெயர் கோலின் மெக்ரே ரேலி. ரேலி என்றால் மண்சாலையிலும் மலைச்சாலையிலும் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு போட்டிபோடும் பந்தயம். இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுப் பெட்டிக்காக உருவாக்கியது. மெக்ரே ஸ்காட்லாந்துக்காரர். 1995-ல் சுபாரு இம்ப்ரெசாவில் உலக ரேலிப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 27. அந்தப் பட்டத்தை வென்ற முதல் பிரிட்டிஷ் ஓட்டுநர் அவர்தான். வேகத்துக்கும் பேர்போனவர், காரை நொறுக்குவதற்கும் பேர்போனவர். 2007-ல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்.

அசல் தட்டு வாங்க அப்போது எங்களுக்கு ஏது வக்கு? பசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்ற கள்ளப் பிரதிதான். அசல் தட்டின் அடிப்பக்கம் கருகருவென்று இருக்கும். எங்களுடையது வெள்ளியாகப் பளபளத்தது. பெட்டி சூடேறிவிட்டால் தட்டைப் படிக்காது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தால் மறுபடியும் ஓடும். ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தோட்டத்தில் எல்லாப் பையன்களுக்கும் அந்த வைத்தியம் மட்டும் தெரியும்.

மற்றக் கார் ஆட்டங்களில் பக்கத்துக் காரை இடித்துத் தள்ளி முன்னேறுவதுதான் வேலை. செகா ரேலி என்று ஒன்று இருந்தது, பார்க்க அழகு, ஆடவும் சுகம். ஆனாலும் அங்கேயும் எதிரிக் கார்களை முந்தவேண்டும். மெக்ரே ஆட்டத்தில் பெரும்பாலும் சாலையில் உங்களைத் தவிர ஈ காக்கை இருக்காது. நீங்கள், சாலை, கடிகாரம், அவ்வளவுதான். கூடவே ஒரு குரல். உண்மையில் மெக்ரேயின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்ன நிக்கி கிரிஸ்ட் என்ற வேல்ஸ்காரரின் குரல் அது. "மீடியம் லெஃப்ட்", "ஹேர்பின் ரைட்", "ஓவர் கிரெஸ்ட்" என்று அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சொல்லிவிடுவார். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நம்பிக் காலை அழுத்தவேண்டும். வாத்தியார் மூன்று முறை கத்தினாலும் காதில் வாங்காத பையன்கள் கிரிஸ்ட் முணுமுணுத்தால் போதும், கப்சிப்பென்று கேட்டார்கள்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு நாடுகளின் சாலைகள் அதில் உண்டு. சுவீடன் பனி, கிரேக்கத்துக் கல், மோண்டி கார்லோ மலை என்று எல்லாம் போஸ்ட்கார்டு போல இருக்கும். அவற்றுக்கு நடுவே இந்தோனேசியா. அந்தச் சாலையைப் பார்த்ததும் நாங்கள் கத்திவிட்டோம். சிவப்பு மண், ஈரம், இரண்டு பக்கமும் அடர்ந்த பச்சை. "டேய், இது நம்ம பால் மரக்காட்டுப் பாதைடா!" என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

அவன் சொன்னதில் பெரிய தப்பில்லை. உலக ரேலிப் பந்தயம் இந்தோனேசியாவில் நடந்தது சுமத்ராவின் மேடானைச் சுற்றி, தோட்டங்களுக்குள்ளே. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான் தூரம். அங்கும் நம் தமிழ் ஆட்கள் மேடானைச் சுற்றிய டெலி வட்டாரத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்கள். மேடான் மாரியம்மன் கோயில் 1884-ல் கட்டியது. பந்தயம் 1996-லும் 1997-லும் நடந்தது, இரண்டு தடவையும் ஸ்பெயினின் கார்லோஸ் சாய்ன்ஸ் ஃபோர்டு எஸ்கார்ட்டில் ஜெயித்தார். 1998-ல் அங்கே நாடே கொந்தளித்துக் கிடந்ததால் ரத்து. பிறகு உலகப் பந்தயம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆக, ஆட்டம் கடைக்கு வந்த வருஷமே அசல் பந்தயம் போய்விட்டது. தோட்டத்துச் சாலைக்கு உலக மேடையில் கிடைத்த இடம் அந்தத் தட்டில்தான் மிஞ்சியது.

சாலையை மட்டும் காட்டியிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். மண்ணின் குணத்தையும் ஆட்டத்தைச் செய்தவர்கள் பிடித்திருந்தார்கள். மழையில் இறக்கத்தில் போகும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பிரேக்கில் கால் வைத்தால் செத்தோம், கியரை இறக்கு." அதே பாடம்தான். செம்மண் ஈரத்தில் டயருக்குப் பிடிமானம் இல்லை; வளைவுக்கு வந்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் கேட்காது, கார் நேரே காட்டுக்குள் போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைத் தளர்த்தவேண்டும். அப்போது எடை முன்சக்கரத்தில் இறங்கும், மூக்கு திரும்பும், பின்பக்கம் தானாகவே வழுக்கிக்கொண்டு சுற்றி வரும். பிறகு ஆக்சிலேட்டரைக் கொடுத்து நேராக்கவேண்டும். தார்ச்சாலையில் ஓட்டிப் பழகிய பட்டணத்துப் பையன்கள் இதைப் புரிந்துகொள்ளத் திணறுவார்கள். உங்கள் லோரியில் தொற்றிக்கொண்டு வந்த எங்களுக்கு அது புதிதாகவே இல்லை.

மரத்தில் மோதினால் காரும் அடிபடும். கண்ணாடி விரியும், பம்பர் கழன்று தொங்கும். பந்தயத்துக்கு நடுவே பழுதுபார்க்கக் கொஞ்சம் நேரம்தான் கொடுப்பார்கள். எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது என்று நாம்தான் முடிவெடுக்கவேண்டும். இதையும் நான் உங்களுக்குச் சொல்லவேண்டுமா?

ஒரு கிளைக்கதை. எங்களில் பாதிப் பேர் மிட்சுபிஷி லான்சரைத்தான் எடுப்போம். நம் நாட்டுக் கார் புரோட்டான் வீராவுக்கு அது உறவுக்காரன் என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை. 2002-ல் நம் நாட்டுக் கரம்ஜிட் சிங், வழி சொல்ல ஆலன் ஓவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரோட்டான் காரிலேயே, கடையில் விற்கும் கார்களை ஒட்டிய வண்டிகளுக்கான உலக உற்பத்திக் கார் ரேலிப் பட்டத்தை வென்றபோது, ஏதோ நாங்களே வென்றது போல மார்தட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை பகாவ் வருகிறேன். பெட்டி, தட்டு, கைப்பிடி எல்லாம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பின்கட்டில் கிடக்கும் பழைய டிவிதான் தேவை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் செருகும் ஓட்டை இப்போதைய பல டிவிகளில் இருப்பதில்லை. அதைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடாதீர்கள். பேரனிடம் இப்போதைக்கு மூச்சு விடவேண்டாம். முதலில் நீங்கள் நாலு ஓட்டம் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பொடியன் சிரிப்பான்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகன்