கணித ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, தொடக்க வகுப்புகளில் கூட்டல் கற்பிப்பதை மட்டுமே இந்த ஆண்டு எடுத்துக்கொண்டோம். கூட்டலைப் பற்றி ஒரு வருஷம் பேச என்ன இருக்கிறது என்று அப்போது சிலர் கேட்டார்கள். கடைசியில் நேரம்தான் போதவில்லை.

முதல் சண்டை விரலைப் பற்றி. ஒன்றாம் வகுப்போடு விரல் விடுவதை நிறுத்திவிட வேண்டும் என்றது ஒரு தரப்பு. குழந்தைகள் எப்படி விரல் விடுகிறார்கள் என்று கவனித்துவிட்டு வந்தபின் பேச்சின் சூடு குறைந்தது. 2+7 என்றதும் ஒரு குழந்தை இரண்டு விரல், ஏழு விரல் நீட்டி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். இன்னொன்று இரண்டில் தொடங்கி மூன்று, நான்கு என்று ஏழு தடவை ஏறும். வேறொன்று ஏழை மனதில் வைத்து, எட்டு, ஒன்பது என்று முடித்துவிடும். மூவரும் விரல்தான் விடுகிறார்கள், ஆனால் மூவரும் ஒரே இடத்தில் இல்லை. எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது என்பது கடைசிக் குழந்தைக்கு எப்படியோ பிடிபட்டிருக்கிறது. எனவே, 'விரலை மடக்கு' என்று அதட்டுவதற்குப் பதில், 'எந்த எண்ணில் ஆரம்பித்தாய்?' என்று கேட்பது என முடிவானது.

அதிக நேரம் எடுத்தது பத்தாக்கிக் கூட்டுவது. 8+5 என்றால் ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்த்து 13. நமக்கு இது ஒரே அடி, குழந்தைக்கு மூன்று. எட்டு பத்தாக இரண்டு வேண்டும், ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரிக்க வேண்டும், பத்தும் மூன்றும் எண்ணாமலே 13 என்று தெரிய வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் விரல் விடுவதே சுலபம் என்று குழந்தை திரும்பிவிடும். அது நியாயமும்கூட. ஐந்தைந்தாக இரண்டு வரிசைக் கட்டம் போட்ட அட்டையில் மணிகளை வைத்துப் பழக்கிய வகுப்புகளில், காலியாக இருக்கும் கட்டங்கள் கண்ணிலேயே தெரிவதால் முதல் அடி தடையில்லாமல் நடந்தது.

உறுப்பினர்கள் மிகவும் ரசித்தது ஒரு கரும்பலகைக் கணக்கை. 0 முதல் 9 வரை ஓரிலக்கக் கூட்டல்கள் மொத்தம் 100. இடம் மாற்றினாலும் ஒன்றே என்றால் 55. பூச்சியமும் ஒன்றும் கூட்டுவதைக் கழித்தால் 36. 4+4 போன்ற இரட்டைகள் போனால் 28. பத்தாகும் ஜோடிகளில் மிஞ்சியிருக்கும் மூன்றும் போனால் 25. 6+7 என்பதை 6+6-உடன் ஒன்று எனப் பார்க்கும் பக்கத்து இரட்டைகளும் போனால் 18 தான் பாக்கி. நூறையும் மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வாட்டியது எதற்கு என்று தோன்றியது.

ஈரிலக்கத்தில் 47+38 என்பதை 70, 15 எனப் பிரித்து 85 என்பதும், 39+25 என்பதை 40+24 ஆக மாற்றுவதும் பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெற்றோர் கூட்டத்தில், 'நாங்கள் ஒன்றாம் இடத்திலிருந்துதானே கூட்டினோம், இதென்ன பத்திலிருந்து?' என்று கேட்டார்கள். மனக்கணக்குக்குப் பெரிய இடத்திலிருந்து போவது வசதி, எழுதிக் கூட்டும்போது மீதி கொண்டுபோக வேண்டியிருப்பதால் ஒன்றிலிருந்து போவது வசதி, இரண்டும் இருக்கும் என்று விளக்கினோம். எல்லோரும் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சில பயிற்சித் தாள்களில் ஒரே கணக்கை நான்கு முறைகளில் செய்யச் சொல்லியிருந்தது. 5+2-க்கு எதற்கு நான்கு முறை? எண்களைப் பார்த்து எது வசதி என்று குழந்தை தேர்ந்தெடுக்கத்தான் இவ்வளவும் சொல்லிக்கொடுக்கிறோம். முறையே பாடமானால், பழைய மனப்பாடத்துக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அப்புறம், 8+4=□+5 என்ற கணக்கையும் பார்த்தோம். கட்டத்தில் 12 எழுதும் பிள்ளைகள் நிறைய. சமக்குறி என்றால் 'இதோ விடை' என்றே அவர்கள் படிக்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு கூட்டம் தேவை.

தேர்வு மாதங்களில் வருகை வழக்கம்போலக் குறைந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வரும் ஆண்டுக்குக் கழித்தலை எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது, பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். கட்ட அட்டைகளையும் மணிகளையும் வாங்கிச் சென்றவர்கள் அதற்குள் திருப்பித் தந்தால் நல்லது. இல்லாவிட்டால் நம் பெட்டியிலேயே கழித்தலைத் தொடங்க வேண்டியிருக்கும்.

செயலாளர்