வளவு இருந்த இடம்

அன்புள்ள குட்டிக்கு,

துருக்கியில் அந்தாக்யாவிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பூகம்பத்தில் இடிந்த சந்துகளை அகலப்படுத்துவதா, இருந்தபடியே கட்டுவதா என்று உங்கள் ஆபீசில் தினமும் சண்டை என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோடு போட்டுப் படம் வரையத் தெரியாது. பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தின் புஜ் நகரத்தை இரண்டு முறை பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2001 ஜனவரி 26 உனக்கு ஞாபகம் இருக்காது. கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாய், மூன்றாம் வகுப்பு. பூகம்பம் வந்தது காலை 8.46-க்கு. மாதுங்காவில் நம் வீட்டு மின்விசிறி தானாக ஆடியது. தலைசுற்றல் என்று நினைத்து நான் மோர் குடித்தேன். அப்புறம் கீழ்வீட்டு குஜராத்திப் பாட்டி, நம் பா, படியேறி வந்து, புஜ்ஜுக்குப் போன் கிடைக்கவில்லை என்று அழுதார்.

அந்தக் கோடையில் பாவுக்குத் துணையாகப் போனேன். மதிலுக்குள் இருந்த பழைய ஊரில் பாவின் பிறந்த வீடு. நம் திருநெல்வேலி வளவு மாதிரிதான்: ஒரே வாசல், உள்ளே பல குடித்தனம், நடுவே முற்றம். போய்ப் பார்த்தால் கல்லும் மண்ணுமாக ஒரு மேடு. ரோட்டை அகலமாக்கினால் ஊரின் அழகே போய்விடும் என்று நான் உளறினேன். பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்து ஊரான அஞ்சாரைப் பற்றிச் சொன்னார். அதே காலையில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலம் போயிருக்கிறார்கள். குறுகிய சந்து, இரண்டு பக்க வீடுகளும் அவர்கள் மேலேயே சரிந்துவிட்டன. நூறு பிள்ளைகளுக்கு மேல். அந்த நேரத்தில் நீயும் இங்கே வெள்ளைச் சீருடையில் நின்றிருந்தாய். நீ அகலம் கேட்பவர்கள் பக்கமே நில்.

சில வருஷம் கழித்து மறுபடி போனோம். மனைக்காரர்களிடம் ஆளுக்கொரு பங்கு எடுத்து ரோடு போட்டிருந்தார்கள். சின்ன மனையில் குறைவாக, பெரிய மனையில் கூடுதலாக. நியாயமான கணக்குதான். ஆனால் பாவின் வளவுக்காரர்களில் பாதிப் பேர் ஊருக்கு வெளியே ராவல்வாடிக்கும் முந்த்ரா ரோட்டுக்கும் சிதறிப் போயிருந்தார்கள். பிராக் மஹால் மணிக்கூண்டை அடையாளம் வைத்துத் தன் தெருவைத் தேடினார் பா. ஒருவழியாகக் கண்டுபிடித்தார். அங்கே பேச ஒருவர்கூட இல்லை.

தமட்கா கதை வேறு. அஜ்ரக் துணியில் அச்சும் சாயமும் போடுகிறவர்களின் ஊர் அது. துணியைத் திரும்பத் திரும்ப அலச வேண்டிய தொழில். பூகம்பத்துக்குப் பிறகு தண்ணீரில் இரும்பு கூடிவிட்டது, சாயத்துக்கு ஆகவில்லை. பல குடும்பங்கள் சேர்ந்தே கிளம்பி, புஜ் பக்கத்தில் புதிதாக ஓர் ஊரை உண்டாக்கி அஜ்ரக்பூர் என்று பெயர் வைத்தார்கள். பா கட்டிக்கொடுத்த அந்த நீலத் துப்பட்டா அங்கே வாங்கியதுதான்.

டேப் பிடித்து அளக்கும் முன்னால் அந்தாக்யா கடைவீதியில் யாருக்குப் பக்கத்தில் யார் கடை, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். மனையை எங்கே ஒதுக்கினாலும் அந்த வரிசை கலையாமல் ஒதுக்கச் சொல். உன் மேலதிகாரி சிரித்தால் சிரிக்கட்டும்.

பாவுக்கு இப்போது காது கேட்பதில்லை. உன் படங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டார். மறக்காமல் அதற்குப் பதில் எழுது.

அம்மா
மாதுங்கா, மும்பை