முன்னாள் மாணவர் சங்க ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பள்ளியிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஜூனில் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தோம். இரண்டும் குறையில்லாமல் நடந்தன. மற்ற நேரமெல்லாம் ஆகஸ்டில் வேப்பமரத்தடியில் நடந்த கூட்டத்தையும், அதிலிருந்து பிறந்த வேலையையும் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

“நாம் படித்த காலத்தில் பள்ளியில் நம் உடம்பை யார் பார்த்தார்கள்?” இதைக் கேட்டுத்தான் மூத்த உறுப்பினர்களை அழைத்திருந்தோம். ஒரு மணி நேரம் என்று நினைத்தது பொழுது இறங்கும்வரை போனது.

அறுபதுகளில் படித்தவர்கள் அம்மை குத்த வந்தவரைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். அவர் சைக்கிள் வாசலில் நின்றதுமே பின்சுவர் ஏறிக் குதித்துச் சோளக்காட்டுக்குள் ஒளிந்தவர்கள், இன்று சட்டைக் கையைச் சுருட்டி அந்தத் தழும்பைக் காட்டினார்கள். பிளேக் மாரியம்மன் என்று பேர் வைத்துக் கோயம்புத்தூரில் கோயில் கட்டிக் கும்பிட்டவர்கள் நம் முன்னோர். கொள்ளைநோய் என்றால் அவ்வளவு பயம். 1975-க்கு அப்புறம் நம் நாட்டில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஊசிக்குப் பயந்து ஓடியவர்களும் அதில் ஒரு பங்கு.

எண்பதுகளில் படித்தவர்களுக்குத் தொழுநோய்ப் பரிசோதனை நினைவிருந்தது. பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் முதுகைத் திருப்பி நிறுத்துவார்கள். வெளுத்த தேமல் தெரிந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா நுனியால் மெதுவாகத் தொட்டு, “எங்க தொட்டேன், விரலை வெச்சுக் காட்டு கண்ணு” என்பார் வந்தவர். காட்டத் தெரியாத பிள்ளையைத் தனியாக அழைத்துப்போய் மறுபடி பார்ப்பார்கள். முடங்கிப் போகாமல் எத்தனை விரல்கள் இப்படித் தப்பினவோ.

அப்புறம் திங்கட்கிழமை. இது எல்லாத் தலைமுறைக்கும் பொது. பிரார்த்தனை முடிந்ததும் கையை நீட்டி நிற்க வேண்டும். வரிசைக் கடைசியில் நிற்பவர்கள் தங்கள் முறை வருவதற்குள் நகத்தைக் கடித்துத் துப்பிவிடுவார்கள். மஞ்சள் வெட்டும் காலத்தில் எங்கள் நகமெல்லாம் மஞ்சள் ஏறிக் கிடக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. அதற்கும் அடிஸ்கேல் முட்டியில் விழும். என் வகுப்பில் ஒரு பெண்ணைத் தலையில் பேன் என்று வரிசையை விட்டு வெளியே நிறுத்தினார்கள். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். மறு வாரம் அவள் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. வாராவாரம் அரப்புத் தேய்த்துவிட்டு, பேன் சீப்பால் பொறுமையாகச் சீவிவிட ஓர் ஆள் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். அவள் அம்மாவுக்கு விடிந்தால் காட்டு வேலை.

நகம் பார்த்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அம்மை குத்த வந்தவர் கையில் மருந்து இருந்தது. தேமல் பார்த்தவரால் சிகிச்சைக்கு அனுப்ப முடிந்தது. நகம் பார்த்தவரிடம் ஸ்கேலைத் தவிர ஒன்றுமில்லை. 1956-ல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு வந்தது. ஆனால் நாங்கள் கை கழுவ இருந்தது தொட்டித் தண்ணீரும் ஒரே ஒரு சொம்பும்தான்.

இதையே கூட்டத்தில் பேசி, சத்துணவுக் கூடத்துப் பக்கம் நான்கு குழாய் போட்டோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற உயரம். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டிவிட்டோம், கீழே விழுந்து மண் ஒட்டுவதில்லை. வகுப்புக்கு ஒரு நகவெட்டி. வெட்டாமல் வரும் பிள்ளையை யாரும் நிறுத்தி வைப்பதில்லை, அங்கேயே வெட்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பூச்சி மாத்திரை கொடுத்த நாளில் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் பேசினார். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறிக் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, பிள்ளைகள் குனிந்து தங்கள் பாதத்தைப் பார்த்தார்கள். செருப்பில்லாமல் வந்தவர்களுக்கு அந்த வாரமே வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு வேலை பாக்கி நிற்கிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண், காது, பல் எல்லாம் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது. தறி ஓட்டும் பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாமல் பல சீட்டுகள் புத்தகப் பையிலேயே கசங்கிக் கிடக்கின்றன. கார் வைத்திருக்கும் உறுப்பினர்கள் மாதம் ஒரு நாள் கொடுத்தால், தாயையோ பாட்டியையோ கூட அழைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வந்துவிடலாம். பேர் எழுத நோட்டு என் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும் முன் எழுதிவிட்டுப் போங்கள்.

இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்